எதிர்க்கடை வாசலில் பண்ட வேஷம்

புருஷோத்தமன் இறந்த வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். "யார் மேலயும் பொறாமைப்படாத மனுஷன்." இறந்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்வது வழக்கம்தான். ஆனால் இந்த ஒன்று உண்மையல்ல. புருஷோத்தமன் பொறாமைக்காரர். முழுநேரப் பொறாமைக்காரர். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தால் அங்கே நிற்பது வேறு யாரோ.

அந்தப் பொறாமை ஊரெல்லாம் மேயவில்லை. ஒரே ஆள் மேல்தான். எதிர்க்கடைத் திலீப். அவருடைய சகலை.

புருஷோத்தமன் விஜயபுரம் பக்கத்துக்காரர். வீட்டில் வேர்க்கடலை போட்டார்கள். அவருக்கு அதில் மனம் போகவில்லை. சித்தூரில் ஒரு ஸ்டுடியோவில் சேர்ந்து கேமரா பிடித்தார். புத்தூர் கங்கையாவின் மூத்த மகள் பிரமிளாவைக் கட்டிக்கொண்டு திருப்பதிக்கு வந்தார். கங்கம்மா கோயிலுக்குப் போகிற தெருவில் ஒரு மாடியைப் பிடித்து, பின்பக்கம் குடியிருந்துகொண்டு, முன்னறைக்கு 'புருஷோத்தம் ஸ்டுடியோ' என்று பலகை மாட்டினார். கல்யாண ஆல்பம், வீடியோ எதிலும் இறங்கவில்லை. ஆள் முகம் மட்டும்தான். "கூட்டத்த எடுக்க எவன் வேணா போதும். ஒத்த ஆள எடுக்கறதுதான் கஷ்டம்" என்பார்.

வேலை சுத்தம். வாய்தான் தொல்லை. நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்துவிட்டால் போதும். "தாடையத் தூக்கு. ரொம்பத் தூக்காத. தோள எறக்கு. இங்க பாரு, என்னப் பாக்காத, லென்ஸப் பாரு. லேசா சிரி. லேசான்னா இன்னா அர்த்தம்?" படம் எடுத்து முடிவதற்குள் உட்கார்ந்தவருக்குத் தன் முகமே மறந்து போயிருக்கும்.

திலீப், பிரமிளாவின் தங்கை சந்தியாவின் கணவன். பலமனேரில் செல்போன் கடை வைத்திருந்தவன். கேமரா பிந்தித்தான் வந்தது. புருஷோத்தமன் கடைக்கு நேர் எதிரே, தரைத் தளத்தில், கண்ணாடிக் கதவும் ஏசியுமாக ஸ்டுடியோ திறந்தான். திறப்பு விழாவுக்கு முதல் வெற்றிலை பாக்கைப் புருஷோத்தமனுக்குத்தான் வைத்தான். "நீங்கதாண்ணா குத்துவிளக்கு ஏத்தணும்." ஏற்றினார். தன் வீட்டுக்குத் தானே தீ வைத்த மாதிரி இருந்தது என்று பிறகு பிரமிளாவிடம் சொன்னார்.

திலீப்புக்குக் கேமரா பிடிப்பதைவிட ஆள் பிடிப்பது நன்றாக வந்தது. முதலில் தெருவில் இருக்கிற கடைக்காரர்களை எல்லாம் அவரவர் கடையில் வைத்தே எடுத்தான். பூக்கடைச் சுந்தரம்மா, தையல்கடை வேங்கடாசலம், டீக்கடை ஹரிபாபு. காசு வாங்கவில்லை. பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கல்லாவுக்குப் பின்னால் அவனே ஆணி அடித்து மாட்டினான். படத்தின் ஓரத்தில் சின்னதாக அவன் பெயர், போன் நம்பர். சாமான் வாங்க வந்தவர்கள் "படம் நல்லா இருக்கே, எங்க எடுத்தது?" என்று கேட்டார்கள். கடைக்காரர்கள் விரலை நீட்டினார்கள்.

அப்புறம் மொட்டை. மலைக்குக் குழந்தையோடு வருகிறவர்கள் லாட்ஜில் தங்குவார்கள். அங்கே ஒரு விளம்பரச் சீட்டு வைத்தான். முதல்முடி இறக்கும் முன் ஒரு படம், மொட்டையோடு இறங்கி வந்ததும் ஒரு படம், இரண்டும் ஒரே சட்டத்தில். எங்கெங்கோ இருந்து வந்தவர்கள் வரிசை கட்டினார்கள். வந்துபோன குழந்தைகளின் பிறந்தநாளுக்கு முன்பே வாட்ஸ்அப்பில் வாழ்த்து அனுப்பினான். அந்தக் குழந்தைகள் மறு வருஷமும் வந்தன.

புருஷோத்தமன் இதையெல்லாம் மாடி ஜன்னலில் நின்று பார்த்தார். யார் நுழைகிறார்கள், எவ்வளவு நேரம் இருக்கிறார்கள், சிரித்துக்கொண்டு வருகிறார்களா. சோற்றில் கை வைத்தாலும் கண் ஜன்னலில்தான் இருக்கும். "துன்னுங்க, ஆறுது" என்பாள் பிரமிளா. "அந்த நெல்லூர்க் குடும்பம் இன்னும் வெளிய வரல" என்பார். ஹரிபாபு கடையில் டீ குடிக்க முடியவில்லை. ஹரிபாபு கல்லாவில் ஒன்று, சுவரில் ஒன்று என்று இரண்டாக இருந்தார், சுவரில் இருந்தவர் அழகாக இருந்தார். புருஷோத்தமன் வேறு டீக்கடைக்கு மாறினார். அங்கேயும் திலீப் ஆணி அடித்துவிட்டுப் போயிருந்தான்.

பொறாமைக்காரர் சும்மா இருக்க மாட்டார். அவன் செய்ததை எல்லாம் இவரும் செய்தார், ஒரு படி பிந்தி. அவன் லாட்ஜில் சீட்டு வைத்தானா, கூட்டம் காத்திருக்கிற இடத்தை இவரும் யோசித்தார். மாமனார் ஊர் ஞாபகம் வந்தது. புத்தூரில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் இடத்தில் எப்போதும் கூட்டம். கட்டுக்கட்டாகச் சீட்டு அச்சடித்துக்கொண்டு பஸ் ஏறினார். காலை முழுதும் விநியோகம். மூங்கில் பத்தை வைத்துக் கையைத் தொங்கவிட்டிருந்த ஒரு பெரியவர் சீட்டைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இன்னாய்யா, இந்தக் கோலத்துலயா?"

"ஆறினப்புறம் வாங்க."

"ஆறினப்புறம் நான் கழனிக்கிப் போவேன். உங்கிட்ட எதுக்கு வரேன்?"

பெங்களூரில் சாஃப்ட்வேர் சோதனை வேலையில் இருந்த மகள் காவ்யா, கடையைக் கூகுள் மேப்பில் ஏற்றிக் கொடுத்தாள். வந்தவர்களிடம் நட்சத்திரம் கேட்டு வாங்கச் சொன்னாள். அவர் யாரிடமும் கேட்கவில்லை. அதற்குப் பதில் ஒரு மத்தியானம், திலீப் கடைக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டு, 'லைட்டிங் சரியில்லை. ஓனருக்கு அனுபவம் போதாது' என்று எழுதினார். சொந்த அக்கவுண்டில். சொந்தப் பெயரும் சொந்த முகமும் பக்கத்திலேயே இருந்தன. சாயங்காலம் கீழே பதில் வந்திருந்தது: 'நன்றி அண்ணா. திருத்திக்கொள்கிறேன். அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும்.'

காவ்யா போனில் சிரித்தாள். "நைனா, டெலிட் பண்ணுங்க."

"எழுதனது எழுதனதுதான்."

"அவரு கோபமே படலியே."

"அதாம்மா அவன் பண்ற அக்கிரமம்."

இவ்வளவும் தாங்கிக்கொள்ளக்கூடியது. தாங்க முடியாதது அவர் வீட்டுக் கூடத்திலேயே தொங்கியது. மாமனார் கங்கையா இறப்பதற்குச் சில மாதம் முன்பு கண் பரிசோதனைக்குத் திருப்பதி வந்தவர், யாரிடமும் சொல்லாமல் திலீப்பிடம் போய் ஒரு படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படம்தான் காரியத்துக்கு வைத்தது. ஒரு பிரதி சந்தியா வீட்டில், ஒன்று இங்கே. மூத்த மாப்பிள்ளை போட்டோகிராபர். அவர் வீட்டில் மாமனார் படத்தின் ஓரத்தில் இளைய மாப்பிள்ளையின் போன் நம்பர். புருஷோத்தமன் மாலையைத் தழைய மாட்டி அந்த ஓரத்தை மறைத்தார். பூ வாடிச் சுருங்கினால் நம்பர் தெரிந்துவிடும். அதற்காகவே வாராவாரம் புது மாலை வாங்கினார். மாமனார் மேல் எவ்வளவு பக்தி என்று மெச்சிக்கொண்டே சுந்தரம்மா பூ கட்டிக் கொடுத்தாள்.

உகாதியன்று இரண்டு குடும்பமும் சேர்ந்து சாப்பிட்டபோது திலீப் ஒரு யோசனை சொன்னான்.

"அண்ணா, எனக்கு ஒண்டியா சமாளிக்க முடியல. எங்கடைக்கே வந்துடுங்களேன். பாஸ்போர்ட்டு, போர்ட்ரெய்ட்டு எல்லாம் நீங்க பாத்துக்குங்க. மேல ரூம எதுக்கு வெச்சிக்கினு?"

"பலகை?" என்றார் புருஷோத்தமன்.

"பலகை... ஒரே கடைக்கு எதுக்குண்ணா ரெண்டு பலகை."

அவர் ரசத்தைக் குடித்தார். பிரமிளாதான் பேசினாள். "நல்ல வார்த்த சொல்றான். கேளுங்க. மாடிக்கு ஆளு வந்து எவ்ளோ நாளாச்சு?"

"கங்கம்மா கோயில் ஜாத்திரை முடியட்டும்ணா. யோசிச்சு சொல்லுங்க" என்றான் திலீப். அவன் குரலில் துளி ஏளனம் இருந்திருந்தால் புருஷோத்தமன் இலையை மூடிவிட்டு எழுந்திருப்பார். இல்லை. அவன் நிஜமாகவே அன்பாகத்தான் கூப்பிட்டான். அன்று இரவு முழுக்க அவர் தூங்கவில்லை. ஜாத்திரைக்குள் மாடிக்கு ஆள் ஏற வேண்டும், இல்லாவிட்டால் பலகை இறங்கும்.

ஆள் ஏறவில்லை. கங்கம்மா ஜாத்திரை வந்துவிட்டது.

திருப்பதியில் ஜாத்திரை என்றால் வேஷம். வேண்டிக்கொண்டவர்கள் நாளுக்கு ஒரு வேஷம் கட்டித் தெருவில் வருவார்கள். அதில் ஒன்று பண்ட வேஷம். உடம்பெல்லாம் குங்குமம் பூசி, வேப்பிலையும் பூவும் கட்டிக்கொண்டு, எதிரில் வருகிறவர்களை வாய்க்கு வந்தபடி திட்டலாம். அன்று அந்த வாயில் வருவது வசவு இல்லை, வாழ்த்து. திட்டு வாங்கின வாசலில் நோய் நொடி அண்டாது என்று தெருவில் நம்பிக்கை. வாங்கினவர் திருப்பிப் பேசக் கூடாது, கும்பிட்டுக்கொள்ள வேண்டும். புருஷோத்தமன் பல வருஷமாக அந்த வேஷம் கட்டுகிறவர். ஒவ்வொரு கடை வாசலிலும் நின்று ஆளுக்கு இரண்டு வசவு பங்கிட்டுக் கொடுத்துவிட்டுப் போவார்.

அந்த வருஷம் பங்கிடவில்லை. குங்குமம் பூசிக்கொண்டு நேராக எதிர்க்கடை வாசலில் போய் நின்றார்.

"டேய் திலீப்பு! வெளிய வாடா!"

திலீப் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றான். தப்பட்டைக்காரர்கள் கூடவே வந்து நின்றார்கள். கூட்டம் சேர்ந்தது.

"பல்லக் காட்டியே பொழைக்கறவனே! எழவு வூட்டுக்காரன உக்கார வெச்சாக்கூட இளிக்க வெச்சு எடுக்கறவனே! உங்கடையில எடுத்த மூஞ்சியெல்லாம் இட்லிச் சட்டியிலருந்து எறக்கி வெச்சா மாதிரி கீதேடா! ஒரு மேடு உண்டா, ஒரு பள்ளம் உண்டா? கருவாட்டுக்குப் பவுடர் போட்டு மல்லிப்பூன்னு விக்கறவனே!"

"அம்மா கங்கம்மா!" என்றது கூட்டம். சந்தியா செம்பில் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து அவர் காலில் ஊற்றினாள்.

"ஊத்துடி, ஊத்து! உம் புருஷன் தெருவையே ஊத்திக் குடிச்சிட்டான்! டீக்கடைக்குப் போனா உன் ஆணி, தையக்கடைக்குப் போனா உன் ஆணி, எங்க நெஞ்சில அடிக்கல, அதான் பாக்கி! செல்போனுக்கு உறை வித்துக்கினு இருந்தவன் நீ! இன்னா வித்த தெரியும்டா உனக்கு? குழந்த தலையில முடி இருந்தா ஒரு படம், முடி போனா ஒரு படம், இதுல நடுவுல உனக்கு இன்னாடா வேல, வேலய செஞ்சது அம்பட்டக் கத்தி!"

சிரிப்பு. தப்பட்டை. அவர் நிறுத்தவில்லை. பிரமிளா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டாள். அவளுக்கு இது வேஷம் இல்லை என்று தெரிந்துவிட்டது.

"எங்கிட்ட வந்தவங்கள எல்லாம் இஸ்துக்கினியே, போதாதாடா? மாமனாரையும் இஸ்துக்கினியே! எதிர்லதானடா நான் இருந்தேன்! ஜன்னலாண்டதானடா நின்னுக்கினு இருந்தேன்! மூத்த மாப்ளடா நானு! எங்கிட்ட ஒரு படம் எடுத்துக்கக் கூடாதா அந்த மனுஷன்? ஒரு படம்!"

திலீப் கூப்பின கையோடு நிமிர்ந்து பார்த்தான். என்னவோ சொல்ல வந்து உதட்டைக் கடித்துக்கொண்டான். பேசக் கூடாது. புருஷோத்தமனுக்கு அதற்குமேல் குரல் வரவில்லை. வெறும் காற்று வந்தது. தப்பட்டைக்காரர்கள் அவரைத் தாங்கிக்கொண்டு கோயிலுக்குக் கூட்டிப் போனார்கள்.

மறுநாள் அவருக்குச் சுத்தமாகக் குரல் இல்லை. கடையைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தார். தெரு தன்னைப் பற்றி என்ன பேசும் என்று அவருக்குத் தெரியும். பொறாமையில் வெந்து சாகிறான், அம்மன் பேரைச் சொல்லிக் கொட்டித் தீர்த்துவிட்டான் என்று பேசும்.

மாடிப்படியில் காலடி கேட்டது. சுந்தரம்மா. பூக்கூடையோடு வந்திருந்தாள், மூச்சு வாங்க.

"ஏம்ப்பா, எங்கடை உன் கண்ணுக்குத் தெரியலியா?"

அவருக்குப் புரியவில்லை.

"வருஷா வருஷம் வந்து திட்டுவ. இந்த வருஷம் ஒரு வார்த்த? ஒரே ஒரு வார்த்த? நான் குளிச்சிட்டுத் தட்டு வெச்சிக்கினு நின்னுக்கினு இருக்கேன், எல்லாத்தையும் கொண்டுபோய் சகலைக்கே கொட்டிட்டியே! அவன் வூட்டுக்கு மட்டும் நல்லது நடந்தா போதுமா? பொண்டாட்டி தங்கச்சி புருஷன்னா அவ்ளோ உசத்தி, நான் உனக்கு வாராவாரம் மாலை கட்டித் தரேனே, நான் யாரோவா?"

அவர் கையை ஆட்டி மறுத்தார். தொண்டையைத் தொட்டுக் காட்டினார். அவள் விடவில்லை. சமாதானப்படுத்த வழி தெரியாமல் நாற்காலியைக் காட்டினார். அவள் உட்கார்ந்து, கூடையை மடியில் வைத்துக்கொண்டு, திட்டுவதைத் தொடர்ந்தாள். வெளிச்சம் அவள் இடது கன்னத்தில் விழுந்தது. மூக்குத்தி, நெற்றிச் சுருக்கம், தனக்கு வரவேண்டியது இன்னொருவருக்குப் போய்விட்ட ஆத்திரம். கேமரா கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. தாடையைத் தூக்கு என்று சொல்லக் குரல் இல்லை. சிரி என்று சொல்லவும் இல்லை. எடுத்தார்.

அந்தப் படத்தைச் சுந்தரம்மாவின் மகன் போன் ஸ்டேட்டஸில் வைத்தான். 'எங்கம்மா அப்படியே' என்று ஒரே வரி. மத்தியானம் வேங்கடாசலம் வந்தார், அதே குறையோடு. "நம்ம கடைக்கு ஏன் வரலே? திலீப்புக்கு அந்த நீளம் குடுத்தியே, எனக்கு ஒரு ஜாண் குடுத்தா என்ன?" அவரையும் உட்கார வைத்தார். பிறகு ஹரிபாபு. தெருவில் யாருக்கும் புருஷோத்தமன் பொறாமைக்காரராகத் தெரியவில்லை. எல்லாருக்கும் திலீப் மேல்தான் பொறாமை. சண்டை போட வந்தவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். தங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு வீட்டாரை அனுப்பினார்கள். வீட்டார் பக்கத்துத் தெருக்காரர்களை அனுப்பினார்கள்.

வைத்தியர் கொடுத்த மருந்தில் குரல் சீக்கிரமே திரும்பியது. வாடிக்கைக்காரர் முன்னால் மட்டும் திரும்பவில்லை. அதற்குப் பிறகு கடைசி வரை நாற்காலியில் இருப்பவரிடம் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. உட்கார்ந்தவர்கள் முதலில் விறைப்பாக இருப்பார்கள். பிறகு இவர் எதுவுமே சொல்லவில்லையே என்று தாங்களே எதையாவது சொல்லத் தொடங்குவார்கள். மருமகளைப் பற்றி, மேனேஜரைப் பற்றி, பக்கத்து வீட்டு மாடியைப் பற்றி. அப்போது எடுப்பார். காவ்யா கூகுள் பக்கத்தில் என்ன எழுதட்டும் என்று கேட்டாள். "சிரிக்கத் தேவையில்லைன்னு எழுது" என்றார். அந்த வரியைப் படித்துவிட்டுச் சித்தூரிலிருந்தெல்லாம் வந்தார்கள்.

ஒரு நாள் திலீப் மாடி ஏறி வந்தான். அன்று பெஞ்சில் இடம் இல்லை. நின்றான்.

"அண்ணா, பேசணும்."

"டோக்கன் இருக்கா?" என்றார் புருஷோத்தமன்.

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். திலீப்பும் சிரித்துவிட்டு, ஒரு அம்மாள் நகர்ந்து கொடுத்த இடத்தில் உட்கார்ந்தான். அவன் முறை வந்தபோது அறையில் வேறு யாரும் இல்லை. நாற்காலியில் வந்து உட்கார்ந்தான்.

"அன்னிக்கு வேஷத்துல கேட்டீங்க. பதில் பேசக் கூடாதுன்னு வுட்டுட்டேன். மாமாவுக்கு முட்டி வலிண்ணா. கீழ நின்னு உங்க படியப் பாத்துக்கினே இருந்தாரு. ரெண்டு படி ஏறி எறங்கிட்டாரு. அப்பறந்தான் எங்கிட்ட வந்தாரு. பெரிய மாப்ளகிட்ட சொல்லாத, கொறையா நெனைக்கும்னாரு."

புருஷோத்தமன் லென்ஸைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"நம்ம விஷயம் இன்னாண்ணா?" என்றான் திலீப். "வரீங்களா?" கேட்டுக்கொண்டே சுவரைப் பார்த்தான். சுந்தரம்மா, வேங்கடாசலம், ஹரிபாபு. அவன் எடுத்த அதே ஆட்கள். ஒவ்வொன்றாகப் பார்த்தான். சுந்தரம்மாவிடம் திரும்பி வந்தான். அவன் முகத்தில் எப்போதும் இருக்கும் அன்பு மெதுவாக விலகியது. கண் சிறுத்தது. கீழுதடு உள்ளே போனது. அந்த முகத்தைப் புருஷோத்தமனுக்கு நன்றாகத் தெரியும். வருஷக்கணக்காக ஜன்னல் கண்ணாடியில் அவரே தன்னிடம் பார்த்த முகம்.

எடுத்தார்.

"வரலப்பா" என்றார். "நீ உன் கடையப் பாரு."

அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கீழே படிக்கட்டு ஓரத்து ஷோகேஸில் வைத்தார், தெருவைப் பார்க்க, எதிர்க்கடையைப் பார்க்க. பிரமிளா எடுக்கச் சொல்லிச் சண்டை போட்டாள். எடுக்கவில்லை. எதிரே கண்ணாடிக் கதவைத் திறக்கும்போதெல்லாம் திலீப் தன் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. அவன் ஒரு தடவைகூட எடுக்கச் சொல்லிக் கேட்கவில்லை. பழைய ஒற்றை நட்சத்திரமும் அப்படியே இருக்கிறது.

புருஷோத்தமனின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த திலீப், மாடி ஏறும் முன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்த ஷோகேஸ் கண்ணாடியைத் துடைத்தான். அப்புறம்தான் மேலே வந்தான்.